ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தது குறித்து

அனுப்புநர்:
ச. தேன்மொழி (வயது 35),
க/பெ. சம்பத்,
கொல்லகுப்பம் காலனி,
புத்தூர் மண்டலம், திருப்பதி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் துணை ஆணையர் அம்மா அவர்கள்,
தொழிலாளர் துறை அலுவலகம்,
திருப்பதி.

பொருள்: மிருதுளா சர்க்யூட்ஸ் கம்பெனி – வேலைக்குச் செல்லும் வழியில் கம்பெனி பஸ்ஸில் வால் எலும்பில் அடிபட்டது – வலி உண்மையா என்று உட்கார வைத்துச் சோதித்தது – வேலையிலிருந்து நிறுத்தியது – நின்று செய்யும் வேலையில் மீண்டும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். முதலில் இந்த மனு தமிழில் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், பள்ளிப்பட்டு அருகே. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு தெலுங்கு நன்றாகப் பேச வந்துவிட்டது, எழுத வரவில்லை. என் நாத்தனார் கல்பனா இதைத் தெலுங்கில் சுருக்கி எழுதித் தந்திருக்கிறாள். அதையும் இணைத்துள்ளேன். ஆனால் சில இடங்களில் அவள் கூச்சப்பட்டு உடல் பாகங்களின் பெயர்களை விட்டுவிட்டாள். அவை இல்லாமல் இந்த விஷயம் புரியாது. ஆகவே தங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவரைக் கொண்டு இதையே படித்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

1. திருப்பதி அருகே உள்ள மேற்படி கம்பெனியில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைத்த இடங்களை பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் பார்த்து, சரியாகப் பற்றாத இடத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டுவது என் வேலை. சாய்மானம் இல்லாத இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர எழக் கூடாது. அதைப் பற்றி எனக்கு அப்போது எந்தக் குறையும் இல்லை. என் கண்ணுக்குத் தப்பிப் போன போர்டு குறைவு என்று லைன் சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

2. சென்ற ஆண்டு மே மாதம் கங்கம்மா ஜாத்திரை முடிந்த வாரம், காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது. அந்த சீட்டில் ஸ்பாஞ்சு கிழிந்து கீழே உள்ள இரும்புச் சட்டம் தெரியும். அதன் மேல் யாரோ சாக்கு மடித்துப் போட்டிருந்தார்கள். வடமாலப்பேட்டை தாண்டி, கல்வெர்ட்டுப் பால வேலை நடக்கும் இடத்தில் ரோட்டை வெட்டி மண் போட்டு மூடியிருந்தார்கள். பஸ் அதில் வேகமாக ஏறி இறங்கியது. கடைசி வரிசையில் இருந்த நாங்கள் எல்லோரும் மேலே போய்க் கீழே வந்தோம். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கினேன். சாக்கு நகர்ந்துவிட்டதால் நான் நேராக இரும்பின் மேல் வந்து விழுந்திருந்தேன். முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

3. டிரைவர் சிரஞ்சீவி கண்ணாடியில் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். வண்டியை நிறுத்தவில்லை. தாமதமாகப் போனால் பஸ் கான்ட்ராக்டர் அவரை வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. விசாரணையில் அவர் பெயர் வந்தால் இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளக் கோருகிறேன். அன்று கம்பெனிக்குப் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்து ஷிப்டு முடியும் வரை வேலை பார்த்தேன்.

4. வலி பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நடந்தால் இல்லை. நின்றால் பெரும்பாலும் இல்லை. உட்கார்ந்தால் வரும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போது அதைவிட அதிகமாக வரும். கக்கூஸ் போகும்போதும் வரும். அதனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் முதுகின் கீழ்ப்பகுதியும் பிடித்துக்கொண்டன. பஸ்ஸில் போக வர நின்றேன். வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். என் கணவர் சம்பத் சென்ட்ரிங் வேலை செய்கிறார். மாலையில் வந்ததும் தட்டோடு தரையில் உட்காருவார். பக்கத்தில் நான் உட்காருவது வழக்கம். முதலில் சில நாள் கூப்பிட்டார். பிறகு அவரும் எழுந்து நின்று சாப்பிடப் பழகிக்கொண்டார். என் மகளுக்கு ஆறு வயது. அவள் என் மடியில் உட்கார வருவதை நிறுத்திவிட்டாள். யாரும் அவளிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

5. கம்பெனி மருத்துவ அறையில் வாரம் இருமுறை ஒரு டாக்டர் வருவார். ஆண். நான் போன அன்று லைன் சூப்பர்வைசரும் கூடவே வந்து நின்றார். எங்கே வலி என்று டாக்டர் கேட்டார். இரண்டு ஆண்களுக்கு முன்னால் அந்த இடத்தின் பெயரை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இடுப்பு என்றேன். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படுக்க வைத்து எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. வலி மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தொடர்ந்து விழுங்கியதில் வயிறு எரிந்ததே தவிர வேறு பலன் இல்லை.

6. எங்கள் ஊர்ப் பக்கம் எலும்பு என்றால் கட்டுக் கட்டுபவரிடம் போவது வழக்கம். மாமியார் அழைத்துப் போனார். அவரே விஷயத்தைச் சொன்னார். கட்டுக் கட்டுபவர் கை கால் என்றால் கட்டலாம், குந்துகிற இடத்தில் கட்டு நிற்காது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டேன். லைனில் ஆள் இல்லை என்றார்கள்.

7. அதே ஷெட்டின் கடைசியில் போர்டுகளைப் பெட்டியில் அடுக்கும் மேசை உள்ளது. அங்கே நின்றுதான் வேலை. அதற்கு மாற்றச் சொல்லி இரண்டு முறை வாய்மொழியாகக் கேட்டேன். அது ஆண்கள் செய்கிற வேலை என்று பதில் வந்தது. அந்தப் பெட்டிகளின் எடை ஒரு குடம் தண்ணீர்கூட இருக்காது. இதற்குள் என் வேலையின் வேகம் குறைந்தது. அடிக்கடி எழுந்து நிற்பதால் பக்கத்தில் இருப்பவர்களும் எழுகிறார்கள் என்று சூப்பர்வைசர் மேலே சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, நடிக்கிறாள் என்ற பேச்சு பரவியது.

8. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், பணியாளர் பிரிவு அதிகாரி திரு. பிரபாகர் என்னை அழைத்தார். அவர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறை உண்டு. லைனுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். நடுவில் என் லைனில் இருப்பது போன்ற ஓர் இரும்பு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார். கேமரா இருக்கிறது, முடியாவிட்டால் எழுந்துவிடலாம், அதற்கு ஏற்றாற்போல் முடிவெடுப்போம் என்றார். குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. எழுந்தால் உட்கார முடியாதவள் என்று அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணினேன்.

9. உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பின்னால் பலர் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு ஸ்விட்ச் போர்டு இருந்தது. அதில் ஒரு திருகு இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வலி தனியாகவும் நான் தனியாகவும் இருப்பது போல் ஆகிவிட்டது. கால்கள் மரத்துப் போயின. என் பக்கத்து ஸ்டூலில் வேலை செய்யும் யாமினி, அப்போது நிறைமாதம், கண்ணாடிக்கு வெளியே போனாள். என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் பார்க்காமல் போனது எனக்கு நல்லதாகவே இருந்தது.

10. நேரம் முடிந்ததும் திரு. பிரபாகர் உள்ளே வந்தார். தெலுங்கில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “நிஜமாகவே வலி இருப்பவர் ஒரு மணி நேரம் இப்படி அசையாமல் உட்கார முடியுமா? நீங்களே சொல்லுங்கள் அம்மா.” இனி இந்தப் பேச்சே வரக் கூடாது என்றார். அதற்குள் அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அப்போதுதான் நான் எழுந்தேன். சுவரைப் பிடித்து, முட்டியை ஊன்றி, பல தடவை முயன்று எழுந்தேன். இந்த நோயில் எழும்போதுதான் உயிர் போகும். அவர் நான் உட்கார்ந்ததைப் பார்த்தார். எழுந்ததைப் பார்க்கவில்லை.

11. அன்று மாலை பஸ்ஸிலிருந்து என்னால் படி இறங்க முடியவில்லை. யாரோ போன் செய்து சம்பத் வந்தார். எல்லோரும் பார்க்க என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் தெருவில் என் கையைக்கூடப் பிடித்ததில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டார்: “ஒரு மணி நேரம் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருந்தே? எழுந்து வந்துக்கினே இருக்க வேண்டியதுதானே?”

எழுந்தால் வேலை போய்விடும் என்று உட்கார்ந்தேன் என்றேன். அவர் வெந்நீர் வைக்கப் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருக்கையில் வெகுநேரம் அதன் முன்னால் நின்றிருந்தார். மறுநாள் அவர் வேலைக்குப் போகாமல் என்னைத் திருப்பதிக்கு ரயிலில் அழைத்துப் போனார். ரயில் என்றால் நின்றுகொண்டு போகலாம்.

12. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கும் பத்மினி அம்மாவிடம் அனுப்பினார்கள். அவரிடமும் முதலில் இடுப்பு என்றுதான் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, “கையை மொத்தமா வைக்காதீங்கம்மா. ஒரே விரல்ல தொட்டுக் காட்டுங்க” என்றார். காட்டினேன். பின்புறப் பிளவு தொடங்கும் இடத்தில், முதுகுத்தண்டு முடியும் நுனியில். அதற்கு வால் எலும்பு என்று பெயர் என்றார். அதுவரை என்னை யாரும் அங்கே தொட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டார்.

13. டாக்டரிடம் சொல்லி மறுபடி எக்ஸ்ரே எடுக்க வைத்தார். இந்த முறை பக்கவாட்டில், நிற்கும்போது ஒன்றும் உட்காரும்போது ஒன்றும். நின்றபோது எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. உட்கார்ந்தபோது பின்பக்கமாக விலகியது. கம்பெனியில் எடுத்த படம் தவறில்லை, அது வேறு இடத்தின் படம் என்று டாக்டர் விளக்கினார். இரண்டு படங்களின் நகலும் இணைத்துள்ளேன்.

14. சிகிச்சை பற்றியும் சற்று விவரமாக எழுதுகிறேன். இது தீர வழியில்லாத கேடு என்று கம்பெனி வாதிடக் கூடும். அப்படி இல்லை என்று காட்டவே எழுதுகிறேன். எலும்பைச் சுற்றியுள்ள சதை வலிக்குப் பயந்து எப்போதும் இறுகியே இருக்கிறது, அடிபட்டது ஆறின பிறகும் அந்த இறுக்கமே வலியைத் தொடர வைக்கும் என்றார் பத்மினி அம்மா. மல்லாந்து படுத்து, வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, விடும்போது கீழ்ப்பகுதியைத் தளர்த்தச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு முதலில் அது வரவில்லை. எங்கே இறுக்கியிருக்கிறேன் என்பதே தெரியவில்லை. சில வாரம் கழித்து ஒருநாள் தானாக விட்டுப் போனது. அப்போது அழுகை வந்தது, காரணம் தெரியவில்லை. மலம் இறுகாமல் கீரையும் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வெந்நீர் ஒத்தடம். படுத்தே கிடக்கக் கூடாது, நடக்க வேண்டும். உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒருமுறை எழ வேண்டும். எழுமுன் உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்ள வேண்டும். உட்கார, பின்பக்கம் வெட்டிவிட்ட குஷன் வேண்டும். எடை தொடையில் இறங்கி எலும்பு காற்றில் நிற்கும். இதற்கும் குறையாவிட்டால் ஊசி உண்டு, ஆபரேஷன் கடைசி என்றார். எனக்கு ஊசி தேவைப்படவில்லை.

15. குஷனை சம்பத் பழைய மெத்தை ஸ்பாஞ்சில் வெட்டித் தந்தார். மூன்று தடவை வெட்டிப் பார்த்து, நான்காவது சரியாக வந்தது. கார்த்திகை மாதம் என் மகள் ஒருநாள் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருந்தாள். நானும் இருந்தேன்.

16. அதுவரை லீவில் இருந்து சிகிச்சை எடுத்த நான், டாக்டர் சான்றோடும் குஷனோடும் டிசம்பர் முதல் வாரம் கம்பெனிக்குப் போனேன். கேட்டில் குஷனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்பாஞ்சில் உண்டாகும் ஸ்டேட்டிக் கரண்ட் போர்டைக் கெடுத்துவிடும் என்றார்கள். அது உண்மைதான், ஆறு ஆண்டு அங்கே வேலை செய்த எனக்கும் தெரியும். வேலையில் நாங்கள் போடும், ஸ்டேட்டிக் வராத கோட்டுத் துணியிலேயே அதற்கு உறை தைத்துத் தருகிறேன், இல்லையேல் அடுக்கும் மேசையில் நிற்க வையுங்கள் என்று திரு. பிரபாகரிடம் கேட்டேன். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பதிவு கேமராவில் இருக்கிறது, அதற்கு மேல் எந்த டாக்டரின் சான்றும் தேவையில்லை என்றார். லீவு சொல்லாமல் நின்றதால் நானாகவே வேலையை விட்டதாக முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னார். லீவு கேட்டு சம்பத் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனது கேட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். குஷனைத் திருப்பிக் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று சம்பத் எதிர்பார்த்தார்.

17. இத்துடன் விட்டிருப்பேன். பொங்கலுக்கு மறுநாள் யாமினி கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கும் அதே இடத்தில் வலி. வேலைக்குத் திரும்பியதும் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறாள். அவளையும் அதே கண்ணாடி அறையில், அதே ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவளால் முடியவில்லை. கொஞ்ச நேரத்திலேயே எழுந்து அழுதிருக்கிறாள். உட்கார முடியாதவருக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே சொன்னாள்: “உன்ன மாதிரி பல்லக் கடிச்சிக்கினு உக்காந்துருக்கணும்க்கா. தப்பு பண்ணிட்டேன்.”

நான் உட்கார்ந்ததால்தான் என்னையும் அனுப்பினார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். அவளுக்கு அது புரிய நேரமானது. எனக்குமே அதை வாயால் சொல்லிக் கேட்ட பிறகுதான் புரிந்தது. உட்கார்ந்தவள் பொய்க்காரி, எழுந்தவள் உதவாதவள். அந்த அறையிலிருந்து வேலைக்குத் திரும்ப வழியே வைக்கவில்லை. அன்று இரவே இந்த மனுவை எழுத ஆரம்பித்தேன்.

18. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

என்னையும் யாமினியையும் அடுக்கும் மேசையிலோ, உறை போட்ட குஷனோடு எங்கள் பழைய இடத்திலோ மீண்டும் வேலையில் வைக்க உத்தரவிட வேண்டும். நஷ்ட ஈடு பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. சட்டப்படி உண்டென்றால் தாங்களே பார்த்துச் செய்யலாம்.

வலி உண்மையா என்று உட்கார வைத்துப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மருத்துவ அறையில் ஒரு பெண்ணையாவது நியமிக்க வேண்டும். டாக்டராக இல்லாவிட்டாலும் நர்ஸாகவாவது. சூப்பர்வைசர் வெளியே நிற்க வேண்டும்.

பஸ்ஸின் கடைசி சீட்டு இன்னும் அப்படியே இருப்பதாக யாமினி சொன்னாள். அதை இந்த வாரமே சரி செய்யச் சொல்ல வேண்டும். மற்றவை விசாரணைக்குக் காத்திருக்கலாம், இது காத்திருக்க வேண்டியதில்லை.

கம்பெனி அந்தக் கேமராப் பதிவைத் தங்களிடம் காட்டுவார்கள். காட்டும்போது, நான் எழுந்திருக்கும் இடம் வரை ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.

19. பத்மினி அம்மா கடைசியாகப் பார்த்தபோது ஒன்று சொன்னார். இந்த வலி முழுதாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம் என்றார். அதை நான் ஏற்றுக்கொண்டேன். என் வலிக்குத் தங்களிடம் மருந்து கேட்கவில்லை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேலையை மட்டும் தாங்கள் பார்த்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ச. தேன்மொழி

இடம்: கொல்லகுப்பம்
நாள்: 19.01.2026

இணைப்பு: எக்ஸ்ரே நகல்கள், டாக்டர் சான்று, தெலுங்குச் சுருக்கம்.

எனக்குச் சாட்சியாக யாமினியும் கீழே கையொப்பமிட்டிருக்கிறாள். அவள் பெயரைக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டாம் என்று முதலில் எழுதியிருந்தேன். அவளே அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டாள்.

(ஒப்பம்)
யாமினி